உங்களுக்குத் தெரியுமா? – யுத்தம் தாம்பரத்துக்கு அனுப்பிய மகாநாடு

சீன தேசத்து ஹாங்சௌ நகரிலே கூடுவதாக முதலில் உத்தேசிக்கப்பட்டிருந்த சர்வதேச மிஷனரி மகாநாடு, 1937-இல் மூண்ட ஜப்பான்–சீன யுத்தத்தின் காரணமாக இடம் மாறி, அதே ஆண்டில்தான் ஜார்ஜ் டவுனின் சந்தடியை விட்டுத் தாம்பரத்தில் சேலையூரை அடுத்த குறுங்காட்டிலே குடிபுகுந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே, அமெரிக்கரான ஜான் மாட்டின் தலைமையில், 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை நடைபெற்றது. மாணவர் விடுதிகளே விருந்தினர் மாளிகைகளாயின. ஏறத்தாழ எழுபது தேசங்களின் பிரதிநிதிகள் 471 பேர் வந்திருந்தார்கள்.

தொகை கிடக்கட்டும். பீரங்கிகள் ஓயாதிருந்த அந்நாளிலே, சீனரும் ஜப்பானியரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஆராதனை செய்தார்கள் என்பதையன்றோ நாம் வியக்க வேண்டும்! மகாநாடு கூடவேண்டிய ஹாங்சௌ, ஜப்பானியர் வசப்பட்டது 1937 டிசம்பர் 24-இல். சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியிலே, சீனப் பிரதிநிதிகள் தாம்பரத்திலே கிறிஸ்துமஸை எதிர்நோக்கியிருந்தார்கள். அவர்கள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டுவதில்லை.

ஜப்பானியருள் ஒருவர் டோயோஹிகோ ககாவா. ஏழைகளின் சேரியிலே வாழ்ந்து தொண்டு செய்தவர். மகாநாடு முடிந்தபின், 1939 ஜனவரியில், பர்தோலியிலே காந்தியடிகளைக் கண்டு யுத்தத்தைப் பற்றிச் சம்பாஷித்த அவர், தம் தேசம் இழைத்த கொடுமைக்காகச் சீன மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியதன் பொருட்டு 1940-இல் ஜப்பானிலே கைதுசெய்யப்பட்டார்.