ஞாயிற்றுக்கிழமைக் கறியும் அதன் பரிவாரங்களும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டையில், ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கறிக்கடை வாசலில் கூடிவிடுகிற கூட்டத்தினிடையே, வாரத்தின் மற்ற நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட அவகாசமில்லாத மனிதர்கள், ஆட்டின் அங்கங்களைப் பற்றி ஒரு வைத்தியருக்குரிய நிதானத்தோடு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டு நிற்பதைக் காணலாம். “பாய், தொடையிலே அரைக் கிலோ போடுங்க, நெஞ்செலும்பு ரெண்டு துண்டு சேருங்க, ஈரல் இருந்தா கொஞ்சம் வையுங்க” என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டில் வறுவலும் குழம்பும் இரண்டும் உண்டு என்று பக்கத்தில் நிற்பவர் ஊகித்துவிடுவார். தொடை வறுவலுக்கு, எலும்போடு சேர்ந்த சப்பையும் நெஞ்செலும்பும் குழம்புக்கு, கழுத்துக்கறி பொறுமையாக வேகவைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஈரலும் சுவரொட்டியும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு. கறியின் ஜாதகம் கத்தி விழும் இடத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது.

ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டால், விடுமுறை என்பது பாதி விடைதான். செவ்வாய், வெள்ளி, சனி என்று விரதங்களும் நியமங்களும் வாரத்தைக் கூறுபோட்டுக்கொள்ளும் இந்து வீடுகளில் மாமிசத்துக்கு எஞ்சுகிற நாட்கள் சிலவே. புரட்டாசியில் பல வீடுகளில் அதுவும் இல்லை. முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழும் இவ்வூரில் அந்த நிர்ப்பந்தம் எல்லோருக்கும் இல்லையென்றாலும், வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வாய்க்கும் நாள் என்ற முறையில் ஞாயிறு அவர்களுக்கும் பொதுவாகிவிட்டது.

இதே ஞாயிற்றுக்கிழமைச் சம்பிரதாயத்தை ஆங்கிலேயர்கள் ரோஸ்ட் என்ற பெயரால் கொண்டாடுகிறார்கள். மாதாகோயிலுக்குப் புறப்படுமுன் பெரிய இறைச்சித் துண்டம் ஒன்றை ஓவன் என்னும் மூடிய அடுப்பறையில் அனலுக்குள் வைத்துவிட்டு, பிரார்த்தனை முடிந்து திரும்பியதும் குடும்பத் தலைவர் கத்தி பிடித்து அரிந்து பரிமாறுவது அவர்களுடைய பழைய வழக்கம். தனியாக அடுப்பறை இல்லாத ஏழைகள் தங்கள் இறைச்சியைத் தெருமுனை ரொட்டிக்காரருடைய சூளையடுப்பில் சுட்டெடுத்துப் போனார்கள் என்பதற்கு, 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வரும் வாத்தே சாட்சி. நம் நாட்டிலும் பெரம்பூர், பொன்மலை முதலிய ரயில்வே காலனிகளில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்கள், அடுப்பறைக்குப் பதிலாகக் கனத்த தேக்சாவைப் பிரயோகித்து, மிளகும் காடியும் பட்டையும் சேர்த்து மூடி வேகவைத்து, கடைசியில் அதே பாத்திரத்தில் நெய்யில் பொன்னிறமாக வாட்டி, அதற்கும் ரோஸ்ட் என்றே பெயர் சொல்லி மகிழ்ந்தார்கள். அந்தச் சமையலில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

நெருப்பில் சுட்ட இறைச்சி நமக்கு வெள்ளைக்காரர் கற்றுக்கொடுத்ததன்று. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், அறுகம்புல் தின்று வளர்ந்த செம்மறியின் தொடையை வேகவைத்தும், கம்பியில் கோத்துச் சுட்டும் அரசன் ஊட்டியதாகவும், இரவும் பகலும் தின்று, புன்செய் உழுத கலப்பைக் கொழுவைப்போலத் தன் பற்கள் மழுங்கிப்போனதாகவும் பொருநன் சொல்லிக்கொள்கிறான். பல் தேய உண்டவனின் பெருமிதம் அது. இன்றைய கல்யாணப் பந்தியில்கூட அப்படி ஒரு பாராட்டு கிடைப்பது அபூர்வம்.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் பொம்மை செய்பவர் பச்சைக் களிமண்ணை அப்படியே சூளையில் ஏற்றமாட்டார், நிழலில் காயவிட்டு, உள்ளிருக்கும் ஈரமெல்லாம் போன பிறகே அனலுக்கு ஒப்படைப்பார், இல்லாவிட்டால் வெடித்துப்போகும். கறி வறுப்பவரின் சாஸ்திரமும் ஏறக்குறைய அதுவே. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். சட்டியில் நீர் தேங்கி நிற்கும்வரை கறியின் சூடு அதற்கு மேலே ஏறாது. ஆனால் மாமிசத்துக்குச் சிவந்த நிறத்தையும் அந்த நெஞ்சையள்ளும் மணத்தையும் கொடுக்கிற ரசாயன மாறுதல், 1912இல் பிரெஞ்சு ரசாயனி மையார் எடுத்துரைத்தது, சுமார் 140 டிகிரியை அண்டினால்தான் சுறுசுறுப்படைகிறது. நம் வீட்டுப் பெண்மணிகள் மையாரை அறியாமலே, “தண்ணி சுண்டட்டும், எண்ணெய் பிரிஞ்சு வரட்டும், அப்புறம் சுருளப் பிரட்டு” என்று சொல்லிவந்தார்கள். சுக்கா என்ற பெயரே வறண்டது என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்ததுதான். நாட்டுக்கோழியை மஞ்சள் பூசி வைக்கோல் தீயில் வாட்டி, தோலோடு வெட்டுவதும் இந்த ரகசியத்தின் மற்றொரு பிரயோகம். தோலை உரித்தெறிந்துவிட்டுக் கோழியில் ருசியில்லை என்று குறைசொல்பவர்களிடம் எனக்கு அனுதாபம் கிடையாது.

கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தம் போடும்போது தேக்சாவின் மூடிமேல் கனன்ற கரித்துண்டுகளைப் பரப்பிவைப்பதைப் பார்த்தவர்கள், கீழே ஒரு நெருப்பும் மேலே ஒரு நெருப்புமாக, இங்கிலாந்தின் இரும்பு அடுப்பறை செய்யும் வேலையை ஒரு செம்புப் பாத்திரம் எவ்வளவு அடக்கமாகச் செய்துவிடுகிறது என்று உணர்வார்கள்.

ஆயினும், கறி மட்டுமே விருந்தாகிவிடாது. ராஜா தனியே வந்தால் யார் மதிப்பார்கள்? கொழுப்பு நாவில் படலமாகப் படிந்து, நாலாவது கவளத்துக்குள் ருசியை மந்தப்படுத்திவிடும் சுபாவமுடையது. அதை அறுத்தெறியப் புளிப்போ காரமோ வேண்டும். ஆங்கிலேயர் ஆட்டுக்குட்டிக் கறிக்குப் புதினாவும் காடியும் கலந்த சாறும், பன்றிக்கு ஆப்பிள் கூழும், மாட்டுக்குக் கடுகும் வைத்தது இக்காரணத்தாலேயே. யார்க்ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டமோ, சுடும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு வீணாகாமல் அடியில் வைத்த பாத்திரத்தில் ஏந்திக்கொண்ட சிக்கன புத்தியின் குழந்தை. ஹன்னா கிளாஸ் அம்மையார் 1747இல் தம் சமையல் நூலில் அதற்கு அந்தப் பெயரிட்டு எழுதினார்.

நம் பந்தியில் அந்த ஸ்தானத்தில் தாளிச்சா அமர்ந்திருக்கிறது. கடலைப்பருப்பும், ஆட்டெலும்பும், கத்தரிக்காயும், புளியும் ஒன்றாகக் கரைந்த அந்தப் பதார்த்தம், நெய்ச்சோற்றின் கனத்தைத் தன் புளிப்பால் தாங்கிக்கொள்ளும். பிரியாணிக்கு எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். வெறும் சோற்றுக்கு எலும்பு ரசமும், எலுமிச்சம்பழத் துண்டும், பச்சைச் சின்ன வெங்காயமும். குழம்பு கெட்டியாக இந்த முந்திரிச் சீமையில் ஒரு கைப்பிடி முந்திரியை அரைத்துவிடுகிறவர்களும் உண்டு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முந்திரி ரகங்கள் பல மாவட்டங்களில் பயிராகின்றன. இந்த முந்திரியும் சட்டியில் தாளித்த மிளகாயும், வெள்ளைக்காரர் தட்டிலே ரோஸ்டைச் சுற்றி அணிவகுக்கும் உருளைக்கிழங்கும், தென் அமெரிக்காவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் பிறந்து கப்பலேறி வந்தவை. கரிகாலனின் பொருநனுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மிளகே அவனுக்குப் போதுமாயிருந்தது.

திங்கட்கிழமையன்று ஆங்கில வீட்டில் மிஞ்சிய இறைச்சியைக் குளிர்ந்தபடியே அரிந்துகொள்வார்கள். அல்லது கொத்தி, மசித்த உருளைக்கிழங்கால் மூடிச் சுடுவார்கள். மங்கலம்பேட்டையில் அந்த அளவுக்குச் சிரமப்படுவதில்லை. இரவில் ஒரு கொதி, விடிந்ததும் ஒரு கொதி என்று காய்ச்சியதில் சட்டியின் அடியில் கருஞ்சிவப்பாகச் சுருண்டு கிடக்கும் சுண்டக்கறியை, நீர் வடித்த பழைய சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, முந்தின நாள் தொடைக்கறியை விட்டுக்கொடுத்த பாட்டி, எல்லோரும் வேலைக்குப் போன பின் சாவகாசமாகச் சாப்பிடுவாள்.