ஒரே 'வேண்டும்', ஆங்கிலத்தில் பல சொற்கள்

கடமை, அறிவுரை, அனுமதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் காட்டுபவை மஸ்ட், ஷுட், கேன், மே முதலிய துணைவினைகள். முதன்மை வினைக்கு முன்னால் நின்று, அந்தச் செயல் கட்டாயமா, செய்வது நல்லதா, செய்யத் தடை இல்லையா என்பதை இவை சொல்கின்றன. எழுவாய் எதுவானாலும் இவற்றின் உருவம் மாறாது. பின்னால் வரும் வினையும் மாறாது. 'ஷி மஸ்ட் கோ' என்பதே சரி. 'ஷி மஸ்ட் கோஸ்', 'ஷி மஸ்ட் டு கோ' இரண்டும் பிழை. கட்டாயத்தைக் காட்டும் 'ஹேவ் டு' மட்டும் சாதாரண வினைபோல 'ஷி ஹேஸ் டு கோ' என்று மாறும்.

'ஹெல்மெட் போட வேண்டும்' என்பது சட்டமா, அக்கறையா என்பதைத் தமிழில் சூழலே காட்டுகிறது. ஆங்கிலத்தில் சொல்லே காட்டிவிடும். பிரிட்டனில் 1931இல் முதலில் வெளியான 'ஹைவே கோட்' என்னும் சாலைவிதி நூல் இதற்கு நல்ல சான்று. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் ஹெல்மெட்டுக்கு அது 'மஸ்ட்' என்கிறது, மீறினால் குற்றம். சாதாரண சைக்கிள் ஓட்டுபவருக்கோ 'ஷுட்' என்கிறது; அது அறிவுரை மட்டுமே. 'ஆட் டு' என்பதும் ஏறத்தாழ 'ஷுட்' போன்றதே, புழக்கத்தில் குறைவு.

மஸ்ட், ஹேவ் டு இரண்டும் கட்டாயமே. சொல்பவரே வலியுறுத்தும்போது 'மஸ்ட்' வரும். விதியோ சூழ்நிலையோ நெருக்கும்போது 'ஹேவ் டு' வரும். பேச்சு வழக்கில் இரண்டுக்குமே 'ஹேவ் டு' சொல்வது அதிகம். நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல 'மஸ்ட்' உதவாது. 'ஹேட் டு' என்றே சொல்ல வேண்டும்.

எதிர்மறையில் இந்த இரண்டும் அடியோடு பிரிந்துவிடுகின்றன. 'யூ மஸ்ட் நாட் பே' என்றால் பணம் கட்டக் கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு பே' என்றால் கட்ட வேண்டியதில்லை, விரும்பினால் கட்டலாம். 'கட்ட வேண்டாம்' என்ற தமிழ்த்தொடர் இரண்டு பொருளுக்கும் இடம் தருவதால், மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பேசுபவர் இங்கேதான் வழுக்குகிறார். முதலில் 'கூடாது', 'வேண்டியதில்லை' என்று பிரித்துக்கொண்டால் சரியான ஆங்கிலச் சொல் தானே வந்து நிற்கும்.

அனுமதிக்குத் தமிழில் 'லாம்' போதும். ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சுக்கு 'கேன்', முறையான எழுத்துக்கு 'மே'. 'போகலாம்' அனுமதியையும் 'மழை வரலாம்' வாய்ப்பையும் சொல்வதுபோல, 'மே' இரண்டு வேலையும் செய்யும். பணிவாகக் கேட்க 'குட் ஐ' என்று தொடங்கலாம். ஆனால் அனுமதி தருபவரின் பதில் 'யெஸ், யூ கேன்' என்றே அமையும், 'யூ குட்' என்று அமையாது. ஒருமுறை கிடைத்த பழைய அனுமதியைச் சொல்ல 'வாஸ் அலவ்டு டு' பொருந்தும்.

நடந்து முடிந்தவற்றைப் பேசும்போது இன்னொரு பிளவு உண்டு. 'அவர் போயிருக்க வேண்டும்' என்பது ஊகமாகவும் இருக்கலாம், குறை சொல்வதாகவும் இருக்கலாம். போய்விட்டார் போலும் என்றால் 'ஹி மஸ்ட் ஹேவ் கான்'. போகாமல் இருந்துவிட்டாரே என்றால் 'ஹி ஷுட் ஹேவ் கான்'.