குழந்தைகளின் காதுநோய்: கடலைக் குறைகூறிப் பயனில்லை

ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றிருந்த அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளையும் சங்கு குளிப்போரையும் நன்கறிந்த மன்னார் மக்கள், காதுநோவுக்குத் தண்ணீரே காரணம் எனக் கருதுவதில் வியப்பில்லை. ஆழத்தில் நீரின் அழுத்தம் செவிப்பறையை எவ்வாறு வதைக்கும் என்பதைச் சுழியோடிகள் அறிவர். ஆனால், தாயின் மடியிலிருக்கும் குழந்தைக்கு வரும் காதுநோய் பெரும்பாலும் கடலிலிருந்தோ குளிக்க வார்த்த நீரிலிருந்தோ வருவதில்லை. அது மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்துமே வருகின்றது.

தொண்டையின் மேற்பகுதியையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கின்றது. குழந்தைகளில் இக்குழாய் குறுகியதாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் அமைந்துள்ளது. தடிமன் பிடிக்கும்போது அது வீங்கி அடைபட, நடுக்காதில் நீர் தேங்கி, அதில் கிருமிகள் பெருகிச் சீழாகின்றன. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகள் இதனால் அதிகம் பாதிக்கப்படுவதற்கு இவ்வமைப்பு ஒரு முக்கிய காரணமாகும். எனவே, தடிமனைத் தடுப்பதே காதைக் காப்பதன் முதற்படி. குழந்தையைத் தூக்கும் முன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், இருமலுள்ளோர் சற்று விலகியிருப்பதும் செலவற்ற வழிகள்.

இரண்டாவது காப்பு தாய்ப்பால். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலை மாத்திரமே வழங்குமாறும், பின்னர் ஏனைய உணவுகளுடன் இரண்டு வருடங்களுக்கோ அதற்கு மேலுமோ தொடருமாறும் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகின்றது. இரு ஆண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவது பற்றிப் புனித குர்ஆனும் கூறுகின்றது. போத்தல்பால் கொடுக்க நேர்ந்தால், குழந்தையைப் படுக்கவைத்துக் கொடுக்காது தலையை உயர்த்திப் பிடித்தே கொடுக்க வேண்டும். சூப்பியை ஓயாது சப்பவிடுவதும் காதுக்கு உகந்ததன்று.

மூன்றாவதாக, புகை. வீட்டினுள் புகைக்கப்படும் சிகரெட்டும் பீடியும் குழந்தையின் மூக்கையும் காதையும் பாதிக்கின்றன. விறகடுப்புப் புகை சூழ்ந்த குசினியில் குழந்தையை உறங்கவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

நான்காவது, தடுப்பூசி. சின்னமுத்தின் பொதுவான சிக்கல்களுள் காதுத்தொற்றும் ஒன்று. ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் வழங்கப்படும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

இவ்வளவுக்குப் பின்னரும் நோய் வரலாம். காய்ச்சல், காதைப் பிடித்திழுத்தல், படுக்கவைத்தால் வீரிட்டழுதல், பால்குடிக்க மறுத்தல் ஆகியன அதன் அறிகுறிகள். பலர் ஏமாறும் கட்டம் ஒன்றும் உண்டு. செவிப்பறை துளைபட்டுச் சீழ் வெளியேறியதும் வலி தணிந்து குழந்தை உறங்கிவிடும். நோய் தீர்ந்தது என வீட்டார் எண்ணுவர். உண்மையில், வைத்தியரைக் கட்டாயம் நாடவேண்டிய வேளை அதுவே. அத்துளை வழியாகக் காய்ச்சிய எண்ணெய், உள்ளிச் சாறு, தாய்ப்பால் போன்றவற்றை விடுவது தீங்கையே விளைவிக்கும். பஞ்சு சுற்றிய குச்சியும் வேண்டாம். வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தந்தால், வலி நின்றதும் நிறுத்தாது கூறிய நாட்கள் வரை கொடுக்க வேண்டும். காதின் பின்புறம் வீங்கினால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட நோயாகின்றது. அதன் விலை செவிப்புலன். சரியாகக் கேளாத பிள்ளை பேசப் பிந்துகின்றது. வகுப்பறையில் மந்தபுத்தியுள்ள பிள்ளை என்ற பெயரைச் சுமக்கின்றது. சிறுவர்களின் செவிப்புலன் இழப்பில் சுமார் 60 சதவீதம் தடுக்கப்படக்கூடிய காரணங்களால் ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் தெரிவித்தது.

பிறந்த சிசுவின் காதில் பாங்கு சொல்வதும், நாள் பார்த்துக் காது குத்துவதும் எமது சமூகங்களின் வழமைகள். செவிக்கு நாம் அளிக்கும் அந்த மதிப்பு சடங்குடன் முடிந்துவிடலாகாது. குடும்பநல உத்தியோகத்தர்கள் தாய்மாருக்கு இதனை எடுத்துரைக்க வேண்டும். பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் துணைநிற்க வேண்டும். முசலி, மாந்தை மேற்கு போன்ற தொலைவிடங்களின் பிள்ளைகளுக்கும் காது பரிசோதனை எட்டுவதைச் சுகாதாரத்துறை உறுதிசெய்ய வேண்டும். பிள்ளையின் காதில் வடியும் சீழைத் துடைத்துவிட்டுக் காத்திருப்பதை நாம் இன்றே நிறுத்துவோமாக.