ஐக்கிய அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளும் சொத்து வரியும்

ஐக்கிய அமெரிக்காவில் கட்டணமின்றி அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளிகள் பொதுப் பள்ளிகள் எனப்படுகின்றன. இவற்றை நடத்துவதற்கான பணத்தில் பெரும் பகுதி, அந்தந்த ஊரிலுள்ள வீடு, நிலம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்து கிடைக்கிறது. பொதுப் பள்ளிகளின் மொத்த வருவாயில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உள்ளூரிலிருந்தும், ஏறத்தாழ அதே அளவு மாநில அரசுகளிடமிருந்தும், எஞ்சிய சிறு பங்கு நடுவண் அரசிடமிருந்தும் வருகின்றன. உள்ளூர்ப் பங்கில் மிகப் பெரும்பாலானது சொத்து வரியே ஆகும். இதனால் ஒரு குழந்தையின் கல்விக்குக் கிடைக்கும் பணம், அக்குழந்தை வாழும் ஊரின் வீட்டு மதிப்போடு பிணைந்துள்ளது.

வரலாறு

ஊர் மக்களே பள்ளிக்குப் பொறுப்பேற்கும் வழக்கம் குடியேற்றக் காலத்திலேயே தொடங்கியது. 1647 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு குடியேற்றம் இயற்றிய சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவ வேண்டும் என்றும் கூறியது. 1837 இல் அம்மாநிலக் கல்வி வாரியத்தின் முதல் செயலாளரான ஒராசு மான், பொது வரியால் நடத்தப்படும் பொதுப் பள்ளிகளுக்காகத் தொடர்ந்து பரப்புரை செய்தார். உள்ளூர் வரிப்பணத்தை உயர்நிலைப் பள்ளிகளுக்கும் செலவிடலாம் என்பதை 1874 இல் கலமசூ வழக்கில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஐக்கிய அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இடம்பெறவில்லை. பள்ளிகளை நடத்தும் கடமையை மாநில அரசமைப்புகளே வகுக்கின்றன. மாநிலங்கள் அப்பணியைப் பள்ளி மாவட்டங்களிடம் ஒப்படைத்துள்ளன. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. ஹவாய் மட்டும் மாநிலம் முழுவதையும் ஒரே மாவட்டமாகக் கொண்டு, உள்ளூர்ச் சொத்து வரி இல்லாமலேயே பள்ளிகளை நடத்துகிறது.

வரி கணக்கிடப்படும் முறை

முதலில் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு சொத்துக்கும் மதிப்பு நிர்ணயிக்கிறார். மூத்த குடிமக்கள், சொந்த வீட்டில் குடியிருப்போர் போன்றோருக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. விலக்கு போக எஞ்சிய மதிப்பின் மீது வரி வீதம் விதிக்கப்படுகிறது. இவ்வீதம் பல இடங்களில் 'மில்' என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 1,000 டாலர் மதிப்புக்கு 1 டாலர் வரி என்பதே ஒரு மில். பள்ளிக்கான வீதம் 10 மில் எனில், வரிக்குரிய மதிப்பு 2,00,000 டாலராக உள்ள வீட்டின் உரிமையாளர் ஆண்டுக்கு 2,000 டாலர் செலுத்த வேண்டும்.

பல மாநிலங்களில் வரியை உயர்த்தவும், கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடவும் வாக்காளர்களின் ஒப்புதல் தேவை. நியூயார்க் மாநிலத்தில் பெரு நகரங்கள் தவிர்த்த பிற மாவட்டங்களில் பள்ளியின் ஆண்டு வரவு செலவுத் திட்டமே வாக்கெடுப்புக்கு வருகிறது. ஒகையோவில் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டு மதிப்பு உயரும்போது, வாக்களித்து ஏற்கப்பட்ட வரியின் வீதம் குறைக்கப்படுகிறது. விலைவாசி ஏறினாலும் வரி வருவாய் ஏறாததால், அங்குள்ள மாவட்டங்கள் மீண்டும் மீண்டும் வாக்காளர்களை நாட வேண்டியுள்ளது.

ஆதரவான காரணங்கள்

நிலமும் வீடும் இடம்பெயராதவை. வருமானமும் விற்பனையும் பொருளாதாரச் சரிவில் உடனே குறையும். சொத்து மதிப்பீடு அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. ஆகவே சொத்து வரி பள்ளிகளுக்கு நிலையான வருவாய் தருகிறது. வரி செலுத்துவோர் தங்கள் பணம் செலவாகும் பள்ளியை நேரில் காண்பதால், நிர்வாகத்தைக் கேள்வி கேட்கவும் முடிகிறது. பள்ளி வயதுக் குழந்தைகள் இல்லாதோரும் இவ்வரியைச் செலுத்துகின்றனர். நல்ல பள்ளி உள்ள பகுதியில் வீட்டின் விலை உயர்வதால் அவர்களுக்கும் பயன் உண்டு எனப் பொருளியலாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

ஏற்றத்தாழ்வும் வழக்குகளும்

இம்முறையின் பெரிய குறை ஊர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு ஆகும். டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகர்ப்பகுதியில் உள்ள எட்ச்வுட், அலாமோ ஐட்சு என்னும் இரு மாவட்டங்கள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1967–68 கல்வியாண்டில் எட்ச்வுட்டில் ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பு 5,960 டாலர். வரி வீதம் 100 டாலருக்கு 1.05 டாலர். மாநிலத் திட்டத்திற்குத் தர வேண்டிய பங்கு போக, ஒரு மாணவருக்கு 26 டாலரே உள்ளூர் வரியிலிருந்து மிஞ்சியது. அலாமோ ஐட்சில் ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பு 49,000 டாலருக்கும் மேல். அங்கு 0.85 டாலர் என்னும் குறைந்த வீதத்திலேயே ஒரு மாணவருக்கு 333 டாலர் கிடைத்தது. ஏழை ஊர் அதிக வீதத்தில் வரி செலுத்தியும் குறைந்த பணமே பெற்றது.

1968 மே மாதத்தில் எட்ச்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், பழுதடைந்த கட்டடங்களையும் தகுதியான ஆசிரியர்கள் இல்லாமையையும் எதிர்த்து வகுப்புகளை விட்டு வெளியேறினர். அதே ஆண்டில் டெமெட்ரியோ ரொட்ரிகசு உள்ளிட்ட பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1973 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, நடுவண் அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அன்று என அத்தீர்ப்பு கூறியது. நீதிபதி தர்குட் மார்சல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

இதன்பின் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு மாறியது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971 இலேயே செரானோ வழக்கில் இம்முறையைக் குறைகூறியிருந்தது. 1973 இல் நியூ செர்சியிலும், 1989 இல் டெக்சசிலும், 1997 இல் ஒகையோவிலும் மாநில உச்ச நீதிமன்றங்கள் நடைமுறையிலிருந்த பள்ளி நிதி முறை மாநில அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தன.

சீர்திருத்தங்கள்

டெக்சஸ் 1993 இல் செல்வ மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியைப் பிற மாவட்டங்களுடன் பகிரும் சட்டத்தை இயற்றியது. பணக்காரரிடம் எடுத்து ஏழைக்கு வழங்கும் ஆங்கிலேயக் கதைமாந்தரின் பெயரால் இது 'ராபின் உட்' திட்டம் எனப்பட்டது. மிச்சிகன் 1994 இல் பள்ளி நடைமுறைச் செலவுக்கான உள்ளூர்ச் சொத்து வரியைப் பெருமளவு குறைத்து, விற்பனை வரியை 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்த்தியது.

கலிபோர்னியாவில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1978 இல் வாக்காளர்கள் ஏற்ற 13 ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காடாகவும், மதிப்பின் ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டுக்கு மிகாமலும் வரையறுத்தது. விலை ஏற்றத்தால் வரி கட்ட முடியாமல் வீட்டை இழக்க நேரும் என்ற முதியோரின் அச்சம் நீங்கியது. ஆனால் பள்ளி நிதியின் கட்டுப்பாடு உள்ளூரிலிருந்து மாநில அரசின் கைக்குச் சென்றது. அடுத்தடுத்த ஒரே மாதிரியான வீடுகளில், நெடுங்காலமாக வாழ்பவரும் புதிதாக வாங்கியவரும் பெரிதும் வேறுபட்ட வரி செலுத்தும் நிலையும் உருவானது.

பணமும் கல்விப் பயனும்

பணத்தைவிடக் குடும்பச் சூழலே கல்வியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து 1966 இல் வெளியான கோல்மன் அறிக்கைக்குப் பின் வலுப்பெற்றது. ஆயினும் நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதி உயர்ந்த மாவட்டங்களை ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்வு வேறு முடிவைத் தந்தது. 12 ஆண்டுப் படிப்பு முழுவதும் மாணவருக்கான செலவு 10 விழுக்காடு கூடினால், பின்னாளில் அவர்களின் ஊதியம் சுமார் 7 விழுக்காடு உயர்கிறது என்றும், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயன் இன்னும் மிகுதி என்றும் அது கண்டறிந்தது.

உள்ளூர் வரி மக்களைத் தம் பள்ளியோடு பிணைக்கிறது. அதே வரி ஊரின் எல்லைக்கு அப்பால் உள்ள குழந்தையை மறக்கவும் செய்கிறது. எனவே பெரும்பாலான மாநிலங்கள் உள்ளூர் வரியை முற்றிலும் நீக்காமல், வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மாநில நிதியைக் கூடுதலாக வழங்கும் கலப்பு முறையைப் பின்பற்றுகின்றன.