ஆல்பம் பாட்டு எடுக்கப் போறீங்களா? செயினை அடகு வைக்கும் முன் இதைப் படிங்க!

மதுரை:
செல்லூர், ஆரப்பாளையம், அவனியாபுரம்... எந்தப் பக்கம் போனாலும் இப்போ ‘ஆல்பம்’ எடுக்கிற பசங்க கோஷ்டி ஒண்ணு இருக்கு. பகலில் ஒர்க்‌ஷாப், ஜவுளிக்கடை, ஆட்டோ. ராத்திரி ஆனா பாட்டு! சொந்தமா எழுதி, சொந்தமா பாடி, யூ டியூப்பில் போட்டு பேர் வாங்கணும் என்பது கனவு.

கனவு தப்பில்லை. ஆனால் அதுக்குப் போற பணம் அம்மாவோட செயின், இல்லாட்டி கந்து வட்டி. எல்லாத்தையும் கொட்டி எடுத்த பிறகு பார்த்தால், கல்யாண வீடியோ மாதிரி இருக்கும். வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகும். ‘கேமரா சரியில்லை மாப்ள’ என்று பழியைக் கேமரா மேல் போட்டுவிட்டு அடுத்த கடனுக்கு அலைவார்கள்.

உண்மையில் கேமரா பாவம். முக்கால்வாசி கோளாறு, கேமராவை ஆன் பண்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும்.

காசு இல்லாமலும் ஜெயிச்சிருக்காங்க!

அமெரிக்காவில் ‘ஓகே கோ’ என்று ஒரு பாட்டு கோஷ்டி. 2006-ல் இவங்க ஒரு வீடியோ போட்டாங்க. ஜிம்மில் ஓடுவோமே, அந்த டிரெட்மில் 8-ஐ வரிசையா வைத்து, அதுமேல 4 பேர் ஆடினார்கள். கேமரா ஒரே இடத்தில் நின்றது. வெட்டு, ஒட்டு கிடையாது. மொத்தப் பாட்டும் ஒரே ஷாட். அதுக்கு 2007-ல் கிராமி விருதே கிடைத்தது! அவங்க பெருசா செலவு பண்ணியது காசை அல்ல, ஒத்திகையை.

நம்ம ஊர் கதையும் இருக்கு. 2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ வந்தபோது அந்த வீடியோவில் வெளிநாடு உண்டா, 100 பேர் டான்ஸ் உண்டா? ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனுஷ் பாடுவார், அனிருத் பக்கத்தில் இருப்பார். அவ்வளவுதான். நாடு பூரா முணுமுணுத்தது.

அதனால் முதல் கேள்வி ‘என்ன கேமரா?’ அல்ல. ‘பாட்டைக் கேட்கிறவன் கண்ணை மூடினால் எதைப் பார்ப்பான்?’ என்பதுதான். அதை ஒரே வரியில் சொல்ல முடியணும். ‘மார்க்கெட்டில் மூட்டை தூக்குறவன் விடியும் முன்னாடி பாடுறான்’... இப்படி. பைக், காதல், சண்டை, கோவில், பீச் எல்லாத்தையும் ஒரே பாட்டில் திணித்தால் எதுவும் நிற்காது.

பாட்டு முடியாமல் ஷூட்டிங் வேண்டாம்

பல பேர் பண்ற முதல் தப்பு இது. பாட்டு பாதிதான் ரெடி. ‘ஷூட்டிங் முடிச்சிருவோம், மிக்சிங் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று கிளம்பிவிடுவார்கள். அப்புறம் ரிக்கார்டிங் தியேட்டரில் வேகத்தை லேசாகக் கூட்டினாலும், நடுவில் 2 வரி எடுத்தாலும் போச்சு. எடுத்த அத்தனை ஷாட்டிலும் உதடு ஒத்துப்போகாது. பாட்டு கடைசி வடிவத்தில் கையில் இருக்கணும். அதுக்குப் பிறகு ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாது.

அடுத்து ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்க, 4 கலம் போடுங்க. எந்த நேரம், என்ன வரி, எந்த இடம், யார் யார். 4 நிமிடப் பாட்டு என்றால் 240 வினாடி. 3 வினாடிக்கு ஒரு ஷாட் என்று வைத்தாலும் 80 ஷாட்! ஒரு நாளில் 80 ஷாட்டை மனசில் வைத்து எடுக்க யாராலும் முடியாது. நோட்டில் இருந்தால்தான் ‘இந்த இடத்தில் இந்த 14 ஷாட்டையும் முடிச்சிட்டுத்தான் நகரணும்’ என்று தெரியும். பாட்டு வரிசைப்படி எடுக்க வேண்டியதில்லை. இடத்தின் வரிசைப்படி எடுக்கணும். வேன் வாடகை மிச்சம்.

வாய் ஏன் ஒட்டுவதில்லை?

இதுதான் அமெச்சூர் வீடியோவைக் காட்டிக் கொடுக்கிற முதல் இடம். கொஞ்சம் கவனமாப் படிங்க.

ஷூட்டிங்கில் பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டு, பாடுறவர் கூடவே பாடணும். சும்மா வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, மூச்சு வாங்காது. பார்க்கிறவனுக்குப் பொய் என்று உடனே தெரிந்துவிடும். தொண்டை கட்டினாலும் பரவாயில்லை, நிஜமாகவே பாடணும்.

கேமராவிலும் அந்தச் சத்தம் பதிவாகணும். ‘எப்படியும் ஒரிஜினல் பாட்டைத்தானே சேர்க்கப் போறோம்’ என்று மைக்கை அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடிட்டர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஒரிஜினல் பாட்டோடு பொருத்துவார். அது இல்லை என்றால் ஒவ்வொரு ஷாட்டையும் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஒட்டணும்.

இன்னொண்ணு. ஸ்பீக்கரைப் பாடுறவர் காலடியில் வைத்துவிட்டு, கேமராவை வைகை ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஜூம் பண்ணினால் என்ன ஆகும்? சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 34 மீட்டர் தள்ளி நின்றால், சத்தம் பத்தில் ஒரு பங்கு வினாடி பிந்தித்தான் கேமராவுக்கு வரும். வீடியோவில் வினாடிக்கு 25 படம். ஆக இரண்டரை படம் பிசகிவிடும். அந்தச் சத்தத்தை நம்பிப் பொருத்தினால் வாய் நழுவும். தூர ஷாட் என்றால் எடிட்டரிடம் சொல்லி வைங்க, 2 படம், 3 படம் நகர்த்திச் சரி பண்ணிவிடுவார்.

சினிமாவில் ஹீரோ மெதுவாக நடந்து வருவார், முடி காற்றில் மிதக்கும், ஆனால் வாய் மட்டும் பாட்டோடு சரியாக ஒட்டும். எப்படி? ரகசியம் சின்னதுதான். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுவார்கள். 4 நிமிடப் பாட்டு 2 நிமிடத்தில் ‘கீச்கீச்’ என்று ஓடும். ஹீரோ அந்த வேகத்துக்குப் பாடணும். கேமரா வினாடிக்கு 50 படம் எடுக்கும். அதை 25 படமாக ஓட்டினால் ஆள் பாதி வேகத்தில் நகருவார், வாய் மட்டும் பழைய பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்போதுள்ள பல செல்போனிலேயே இதைச் செய்யலாம். ஷூட்டிங் ஸ்பாட்டில் போய் முயற்சி பண்ணாமல், முந்தின நாளே மொட்டை மாடியில் ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

வெயில்தான் லைட்மேன்

நல்ல லைட் வாடகைக்கு எடுக்கக் காசில்லையா? காலையில் 6 மணியில் இருந்து 8 மணி, சாயங்காலம் 4.30-ல் இருந்து 6 மணி. இந்த நேரத்து வெளிச்சத்துக்கு வாடகை கிடையாது. உச்சி வெயிலில் மூஞ்சியை எடுத்தால் கண்ணுக்கு அடியில் கருப்பு விழும். அந்த நேரத்தில் வீட்டுக்குள், மரத்தடியில், சந்து நிழலில் எடுக்க வேண்டியதை எடுங்க. வெள்ளைத் தெர்மாகோல் ஒண்ணு வாங்கி முகத்துக்கு எதிரே பிடித்தால் போதும், முகம் தெளியும்.

செல்போனில் எடுத்தாலும் கேவலம் இல்லை. லென்சைத் துடைங்க, இது முதல் வேலை! பாதி மங்கலுக்குக் காரணம் கை எண்ணெய். பிறகு வெளிச்சத்தையும் போகசையும் ‘லாக்’ பண்ணுங்க. இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் குறுக்கே போனதும் மொத்தப் படமும் இருண்டு திரும்பும். ராத்திரி டியூப் லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் படம் ‘மினுக் மினுக்’ என்று துடித்தால், ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்க. நம்ம கரண்ட் வினாடிக்கு 50 தடவை மாறுவதால் இந்தக் கணக்கு.

மெயின் இடத்தில் முழுப் பாட்டையும் 3 தடவை எடுங்க. தூரத்தில் ஒரு தடவை, இடுப்பு வரை ஒரு தடவை, முகம் மட்டும் ஒரு தடவை. எங்கே சொதப்பினாலும் எடிட்டிங்கில் தப்பிக்க இதுதான் வழி.

சாப்பாடு, கரண்ட், டிரஸ் மாத்துற இடம்

பட்ஜெட் போடும்போது கேமரா வாடகை எழுதுவார்கள், எடிட்டிங் எழுதுவார்கள். சாப்பாட்டை மறப்பார்கள். 12 பேருக்கு 2 வேளைச் சாப்பாடு, 4 தடவை டீ, தண்ணி கேன்... இதைச் சேர்த்தால்தான் உண்மைக் கணக்கு. மழை வந்தால் மறுநாள் எடுக்க கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

லைட்டுக்குத் தெரு கம்பத்தில் கொக்கி போடும் வேலை வேண்டவே வேண்டாம். அது மின்திருட்டு, கேஸ் ஆகும். அதைவிட உயிர் பெரிசு. ஈரத் தரையில் பிய்ந்த ஒயர் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பொண்ணுங்க நடிக்க வந்தால் டிரஸ் மாத்த பக்கத்தில் ஒரு வீடு கேட்டு வைங்க. எத்தனை மணிக்கு முடியும் என்று அவங்க வீட்டில் முன்கூட்டியே சொல்லணும். திரும்ப வீடு வரை கொண்டு விடணும். இதைச் செய்யாமல் ‘ஹீரோயின் கிடைக்கலை’ என்று புலம்புகிறவர்கள் ஜாஸ்தி.

இங்கே எல்லாம் வாலாட்டாதீங்க!

மதுரையில் அழகான இடத்துக்குப் பஞ்சமில்லை. 1995-ல் வந்த ‘பம்பாய்’ படத்தில் ஒரு பாட்டையே திருமலை நாயக்கர் மகாலில்தான் எடுத்தார்கள். ஆனால் மகால் மாநில தொல்லியல் துறையின் கையில் இருக்கு. கீழக்குயில்குடி சமணர் மலை மத்திய தொல்லியல் துறை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்காமல் கேமராவோடு போனால், காவலாளி திருப்பி அனுப்புவார். அன்றைய வாடகை அம்போ.

கோவிலுக்குள் நினைக்கவே வேண்டாம். மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் 2018-ல் இருந்தே செல்போன் தடை. 2022 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை தமிழ்நாட்டுக் கோவில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது.

ரெயில் தண்டவாளம்? அத்துமீறி நுழைந்தால் ரெயில்வே சட்டம் 147-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்பீக்கரில் பாட்டு அலறும்போது பின்னாடி வருகிற ரெயில் சத்தம் காதில் விழாது. ஜெயிலைவிட அதுதான் பயம்.

டிரோன் பறக்க விடுகிறவரிடம் ‘பதிவு எண் இருக்கா?’ என்று கேளுங்க. 2021 டிரோன் விதிப்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் முடியாது. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அவனியாபுரம் பசங்க மேப்பைப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

பாட்டில் கெத்து காட்ட நிஜ அரிவாளைத் தூக்காதீங்க. அரிவாளோடு வீடியோ போட்டவர்களை போலீசார் பிடித்த செய்தி எத்தனையோ தடவை வந்தாச்சு.

பாட்டு யாருடையது?

கூத்தே இங்கேதான். நெட்டில் ‘ஃப்ரீ பீட்’ என்று கிடைப்பதை இறக்கி அதுமேல பாடிவிடுவார்கள். அது பெரும்பாலும் காசு பார்க்காத உபயோகத்துக்கு மட்டும்தான் ஃப்ரீ. வீடியோ ஓட ஆரம்பித்ததும் உரிமைக்காரர் வருவார். யூ டியூப்பில் ‘கிளைம்’ விழுந்தால் விளம்பர வருமானம் அவருக்குப் போய்விடலாம். காப்பிரைட் ‘ஸ்டிரைக்’ 90 நாளைக்குள் 3 விழுந்தால் சேனலையே தூக்கிவிடுவார்கள். இளையராஜா பாட்டு, ரகுமான் பாட்டு என்று நடுவில் 5 வினாடி சேர்த்தால் ஒண்ணும் ஆகாது என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீங்க. அப்படி ஒரு சலுகை சட்டத்தில் இல்லை.

நண்பர்களுக்குள்ளேயும் எழுதி வைக்கணும். வரி எழுதியவர் யார், மெட்டு யார், பாடியது யார், பணம் போட்டவர் யார், வருமானம் வந்தால் யாருக்கு எத்தனை பங்கு, சேனல் பாஸ்வேர்டு யாரிடம். ஷூட்டிங்குக்கு முன்னாடியே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ‘நமக்குள்ள என்னடா பேப்பர்’ என்பவன்தான் பின்னாடி சண்டைக்கு வருவான்.

சின்னப் பசங்க விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2021-ல் வந்து உலகம் சுற்றிய பாட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’. தீயும் அறிவும் பாடியது. 3 வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே அந்தக் கதி!

யூ டியூப்பில் போட்ட மறுநாளே பணம் கொட்டும் என்று வட்டிக்காரரிடம் தேதி சொல்லாதீங்க. விளம்பர வருமானத்துக்கு மனுப்போடவே 1000 சந்தாதாரர் வேணும். அதோடு 12 மாதத்தில் 4 ஆயிரம் மணி நேரம் பார்த்திருக்கணும், இல்லாவிட்டால் ஷார்ட்ஸ் 90 நாளில் 1 கோடி தடவை ஓடியிருக்கணும். முதல் பாட்டிலேயே இதைத் தாண்டுவது லேசான காரியம் இல்லை.

‘ஹீரோ சான்ஸ் தர்றேன், 50 ஆயிரம் கட்டு’ என்று யாராவது வந்தால், அவர் இதுவரை எடுத்த பாட்டைக் காட்டச் சொல்லுங்க. அதில் நடித்தவரின் போன் நம்பரைக் கேளுங்க. கொடுக்க மாட்டேன் என்றால் வாசலைக் காட்டுங்க.

ஷூட்டிங் முடிந்த ராத்திரி எல்லாரும் பரோட்டாக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி. மெமரி கார்டில் உள்ளதை 2 இடத்தில் காப்பி பண்ணுங்க. ஒண்ணு கேமராமேன் வீட்டில், இன்னொண்ணு பாடினவர் வீட்டில். இரண்டிலும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கணும்.