நடத்தைப் பகுப்பாய்வு மாநாடும் முன்மொழிவு எழுதும் முறையும்

மனிதரும் விலங்குகளும் செய்கின்றவற்றை, அவை நிகழும் சூழலோடு சேர்த்து, கண்டு எண்ணி அளக்கக்கூடிய நிகழ்ச்சிகளாகக் கொண்டு ஆராயும் துறை நடத்தைப் பகுப்பாய்வு எனப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூட எலிகள் நெம்புகோலை அழுத்தும் வேகத்தை அளந்து 1938இல் நூலாக வெளியிட்ட ஆய்வுகளில் வேர்கொண்ட இத்துறை, இன்று ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கல்வி, தொழிலிடப் பாதுகாப்பு, போதைப்பழக்க மீட்பு, விலங்குப் பயிற்சி எனப் பல இடங்களில் பயன்படுகிறது. இத்துறையில் பல புதிய முடிவுகள் இதழில் அச்சேறுவதற்கு முன்பே மாநாடுகளில் சக ஆய்வாளர்களின் பார்வைக்கு வந்துவிடுகின்றன. அத்தகைய மாநாடு ஒன்றில் இடம்பெற விரும்புபவர் பல மாதங்களுக்கு முன்னரே ஒரு முன்மொழிவை அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். ஓரிரு பத்திகளே கொண்ட அந்த எழுத்தைப் பலர் ஒரு சடங்காகவே கருதி, கடைசி நாள் இரவில் எழுதி அனுப்பிவிடுகின்றனர். உண்மையில், பிறருடைய நடத்தையை அளப்பதில் இத்துறை காட்டும் துல்லியத்தை ஆய்வாளர் தம்முடைய எழுத்திலும் காட்டுகிறாரா என்பது முதலில் தெரியவருவது அங்கேதான்.

இத்துறையின் மாநாடுகளுள் மிகவும் அறியப்பட்டது, பன்னாட்டு நடத்தைப் பகுப்பாய்வுச் சங்கம் ஆண்டுதோறும் மே மாத இறுதியில், அமெரிக்காவின் போர்வீரர் நினைவுநாள் விடுமுறையை ஒட்டி நடத்தும் மாநாடாகும். 1974இல் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களின் சங்கமாகத் தொடங்கிய அது, பின்னர் பன்னாட்டு அமைப்பாக வளர்ந்து, 2024இல் தன் ஐம்பதாவது ஆண்டு மாநாட்டைப் பிலடெல்பியாவில் நடத்தியது. கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் சங்கங்களும் தனித்தனியே மாநாடுகள் நடத்துகின்றன. சொல்வரம்பும் கடைசி நாளும் ஒவ்வோர் இடத்திலும் வேறுபடுமேயொழிய, முன்மொழிவில் கேட்கப்படுவன ஏறத்தாழ ஒன்றே.

முதலில் தீர்மானிக்க வேண்டியது வடிவம். சுவரொட்டி அமர்வில் ஆய்வாளர் தம் ஆய்வை ஒரே பெரிய தாளில் வரைபடங்களோடு அச்சிட்டு மாட்டி, அதன் அருகில் நின்று, வருவோர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்கிறார். கட்டுரை வாசிப்பு என்பது ஒருவர் தனித்து நிகழ்த்தும் உரை. கருத்தரங்க அமர்வு என்பது ஒரே பொருளைச் சுற்றிய சில ஆய்வுரைகளை ஒரு தலைவரின் கீழ்த் தொகுத்து, இறுதியில் அவற்றை எடைபோட ஒரு திறனாய்வாளரையும் அமர்த்துவது. குழு விவாதத்தில் ஆய்வுத் தரவைவிடக் கருத்து வேறுபாடுகளுக்கே இடம் அதிகம். புதிதாக வருபவர்கள் சுவரொட்டியைத் தாழ்ந்த வடிவமாக எண்ணுவதுண்டு, அது சரியன்று. இத்துறையின் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் வரைபடத்தின் வழியாகவே பேசுகின்றன என்பதாலும், ஒரே வரைபடத்தின் முன் நின்று ஒரு மூத்த ஆய்வாளரும் ஒரு மாணவரும் நெடுநேரம் உரையாட முடிகிறது என்பதாலும், முதல் ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை.

அடுத்தது பிரிவு. ஆட்டிசம், கல்வி, நிறுவன நடத்தை மேலாண்மை, மொழிசார் நடத்தை, சோதனைமுறைப் பகுப்பாய்வு, நடத்தைசார் மருந்தியல், தத்துவமும் வரலாறும் எனப் பன்னாட்டு மாநாட்டில் பல பிரிவுகள் உள்ளன. பள்ளியில் ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு வாசிப்பு கற்பித்த ஆய்வு ஆட்டிசப் பிரிவுக்கும் போகலாம், கல்விப் பிரிவுக்கும் போகலாம். எந்தக் கேள்விக்கு அந்த ஆய்வு விடை தேடியது என்பதைக் கொண்டே அதை முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் முன்மொழிவைப் படிக்கும் மதிப்பீட்டாளர் அந்தப் பிரிவின் கண்கொண்டே அதைப் படிப்பார்.

முன்மொழிவின் உயிர் ஆய்வுச்சுருக்கத்தில்தான் இருக்கிறது. விளக்கத்துக்காக இங்கே ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். சிறப்புப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள், கணக்குப் பாட நேரத்தில் அடிக்கடி இருக்கையை விட்டு ஓடும் 3 மாணவர்களோடு பணியாற்றி முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்கள் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: ஆட்டிசம் உள்ள மாணவர்களின் நடத்தைச் சிக்கல்கள் ஆசிரியர்களுக்குப் பெரும் சவாலாக உள்ளன, எங்கள் பள்ளியின் முழுமையான அணுகுமுறையால் மாணவர்களின் கவனமும் ஒழுங்கும் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டன. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் படிப்பவர் தெரிந்துகொள்வதும் ஏதுமில்லை. கவனம் என்றால் என்ன, அதை யார் எப்படி எண்ணினார்கள், அணுகுமுறையில் என்ன செய்யப்பட்டது, குறிப்பிடத்தக்க அளவு என்பது எவ்வளவு என்ற நான்கு கேள்விகளும் விடையின்றி நிற்கின்றன.

அதே ஆய்வை இப்படியும் எழுதலாம்: 7 முதல் 9 வயதுள்ள 3 மாணவர்கள் 20 நிமிடக் கணக்குப் பாடத்தில் இருக்கையை விட்டு எழுந்த தடவைகள் எண்ணப்பட்டன, கடினமான கணக்கிலிருந்து தப்புவதே அவ்வாறு எழுவதன் பயன் என்று முன்கூட்டிய மதிப்பீடு காட்டியதால், ஓர் அட்டையை நீட்டிச் சிறு இடைவேளை கேட்க அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது, ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு நாளில் கற்பித்தல் தொடங்கப்பட்டது, மூவரிடமும் கற்பித்தல் தொடங்கிய பிறகே எண்ணிக்கை குறைந்தது, மூன்றில் ஒரு பங்கு அமர்வுகளில் இரண்டாவது உற்றுநோக்கர் ஒருவர் தனியே எண்ணினார். தொந்தரவான நடத்தைக்கு ஈடாக, அதே பயனைத் தரும் தகவல்தொடர்பு ஒன்றைக் கற்பிக்கும் இம்முறையை 1985இல் கார், டியூராண்ட் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு பரவலாக்கியது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், இந்த ஆய்வு எந்த மரபில் நிற்கிறது என்பதும் விளங்கிவிடும்.

இந்த இரண்டாம் வரைவில் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு காரணம் உண்டு. மாணவருக்கு மாணவர் நாள் மாற்றித் தொடங்குவது பல அடிப்படைநிலை வடிவமைப்பு எனப்படுகிறது. தலையீட்டுக்கு முன் அளந்த நிலையே அடிப்படைநிலை. மூவரிடமும் மாற்றம் அவரவர்க்குரிய தொடக்க நாளுக்குப் பிறகே வருமானால், விடுமுறை முடிந்ததோ புதிய ஆசிரியர் வந்ததோ அதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று நம்பலாம். நூற்றுக்கணக்கானோரின் சராசரியை ஒப்பிடாமல், ஒருசிலரையே திரும்பத் திரும்ப அளந்து காரணத்தை நிறுவும் இம்முறை இத்துறையின் தனிச்சிறப்பு; ஆதலால், மூவர் மட்டும்தானே என்ற தயக்கத்தால் எவரும் ஆய்வை அனுப்பாமல் இருக்கத் தேவையில்லை. இரண்டாவது உற்றுநோக்கரின் எண்ணிக்கையோ, அளவீடு ஒருவரின் விருப்பத்தால் வளைந்துவிடவில்லை என்பதற்குச் சான்று. இரு பதிவுகளும் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒத்துப்போக வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம்.

1968இல் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுக்கென ஒரு தனி இதழ் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இதழிலேயே பேயர், உல்ஃப், ரிஸ்லி ஆகிய மூவர் இத்துறைக்கு உரிய ஏழு பண்புகளை வரையறுத்தனர். பயிற்சி பெற்ற ஒருவர் படித்தவுடன் அப்படியே செய்து பார்க்கக்கூடிய அளவுக்குச் செயல்முறை விளக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சுருக்கத்தின் குறுகிய வரம்புக்குள் முழுச் செயல்முறையும் அடங்காதுதான். ஆயினும் தேவையற்ற முன்னுரையை வெட்டி அந்த இடத்தைச் செயல்முறைக்குத் தருவது எழுதுபவரின் கையில் உள்ளது. உல்ஃப் 1978இல் மேலும் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஆய்வாளர் கொண்ட நோக்கமும், கையாண்ட வழியும், கிடைத்த பயனும் சம்பந்தப்பட்ட மக்களுக்கு ஏற்புடையனவா? சமூக ஏற்புடைமை என்று சொல்லப்படும் இதைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் சொன்னதை ஒரு வரியாவது சேர்க்கும் முன்மொழிவு, எண்கள் மட்டும் உள்ள முன்மொழிவைவிட முழுமையானது.

பல அமர்வுகளில் கற்றல் நோக்கங்களும் கேட்கப்படுகின்றன. 1998இல் நிறுவப்பட்ட நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் சான்று பெற்ற பகுப்பாய்வாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 32 தொடர்கல்வி அலகுகளை நிறைவு செய்ய வேண்டியிருப்பதால், அவர்கள் அமர்வை விட்டு வெளியேறும்போது எதைச் செய்ய வல்லவர்களாவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். புரிந்துகொள்வர், அறிந்துகொள்வர் என்று எழுதுவது இங்கே போதாது. பட்டியலிடுவர், வேறுபடுத்திக் காட்டுவர், வரைபடத்தைப் படித்து விளக்குவர் என வெளிப்படையாகத் தெரியும் செயலைக் குறிக்கும் வினைகளே வேண்டும்.

இன்னும் கிடைக்காத தரவை நம்பி முன்மொழிவு அனுப்பலாமா என்பது பலரும் தயங்கும் இடம். மே மாத மாநாட்டுக்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே முன்மொழிவுகள் பெறப்படுவதால், நடந்துகொண்டிருக்கும் ஆய்வை அனுப்புவதில் தவறில்லை. ஆனால் இதுவரை கிடைத்தது எது, இனி எதிர்பார்ப்பது எது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் முடிவு கைக்கு வந்துவிட்டதுபோல் எழுதுவது நேர்மைக் குறைவு. அதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. பங்கேற்றவர்களின் அல்லது பெற்றோரின் ஒப்புதலும், ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பெயரோ முகமோ வெளிப்படாத ஏற்பாடும் இதுபோலவே விட்டுக்கொடுக்க முடியாதவை. எதை மேடையேற்றலாம் என்பது நடைமுறைக் கேள்வி மட்டுமன்று, அறக் கேள்வியும்கூட. மின்னதிர்ச்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தும் முறை பற்றி இத்துறைக்குள் நீண்ட காலம் சச்சரவு நிலவியது. ஆட்டிசம் உள்ளவர்களே அதற்கு எதிராகக் குரல் எழுப்பினர். 2022இல் பன்னாட்டுச் சங்கம் அம்முறையை வன்மையாக எதிர்க்கும் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. அவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

அடுத்த மாநாட்டுக்கு முன்மொழிவு அனுப்ப எண்ணும் ஆசிரியரோ சிகிச்சையாளரோ எழுத உட்காருவதற்கு வெகு முன்பே செய்ய வேண்டியவை இரண்டு உண்டு: தலையீட்டைத் தொடங்குமுன் சில நாள்களாவது அடிப்படைநிலையை அளந்து வைப்பதும், தொடக்கம் முதலே இரண்டாவது உற்றுநோக்கர் ஒருவரை அமர்த்திக்கொள்வதும். கற்பித்தல் தொடங்கிய பிறகு, அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதைப் போய் எண்ணிவர எவராலும் முடியாது.