சேர்ந்து படித்தால் அபராதம்!

அமெரிக்காவில் கெண்டக்கி ராஜ்யத்தில் பெரீயா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள ஊர். அங்கே ஒரு கல்லூரி உண்டு. 1904-ம் ஆண்டு, அந்த ஒரு கல்லூரிக்காகவே சட்டசபையில் சட்டம் போட்டார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

"வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கக் கூடாது!" இதுதான் சட்டம்.

மீறினால், பள்ளிக்கூடத்துக்கு 1,000 டாலர் அபராதம். அதற்கு மேலும் நடத்தினால் நாள் ஒன்றுக்கு 100 டாலர். பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் அதே தண்டனை. சேர்ந்து உட்கார்ந்து படித்த மாணவனுக்கு நாள் ஒன்றுக்கு 50 டாலர்!

சட்டத்தில் கல்லூரியின் பெயர் இல்லை. ஆனால், கெண்டக்கியில் இரண்டு நிறத்தாரும் கலந்து படித்த கல்லூரி இது ஒன்றுதான். யாரைக் குறிவைத்த அம்பு என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

பாதிரியார் போட்ட விதை

இந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் ஜான் பீ என்ற பாதிரியார். அவருடைய தகப்பனார் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர். மகனோ, "மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது பாவம்" என்று பிரசாரம் செய்தார். தகப்பனாருக்கு வந்த கோபத்தில் மகன் சொத்தை இழந்தார்.

1855-ல், ஒரு செல்வர் கொடுத்த நிலத்தில் சிறிய பள்ளிக்கூடம் ஒன்று எழுந்தது. பைபிளில் வரும் ஒரு பட்டணத்தின் பெயரையே அந்த இடத்துக்கு வைத்தார்கள். உலகத்து மக்கள் எல்லாரும் ஒரே ரத்தம் என்னும் பைபிள் கருத்துத்தான் கல்லூரியின் கொள்கை.

அடிமை முறை நடந்துகொண்டிருந்த நாட்டில் இப்படிப் பேசினால் விடுவார்களா? 1859 டிசம்பரில், துப்பாக்கி ஏந்திய கூட்டம் குதிரை ஏறி வந்தது. "பத்து நாளைக்குள் ராஜ்யத்தை விட்டு ஓடிப்போக வேண்டும்" என்று உத்தரவு போட்டது. ஆசிரியர்கள் குளிர்காலத்தில் பெண்டு பிள்ளைகளுடன் வெளியேறினார்கள்.

பிறகு உள்நாட்டு யுத்தம் வந்தது. அடிமை முறை ஒழிந்தது. பாதிரியார் திரும்பி வந்தார். 1866-ல் கறுப்புப் பிள்ளைகளையும் வகுப்பில் சேர்த்தார். அவர்கள் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும், வெள்ளைப் பிள்ளைகளில் பலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். பாதிரியார் அசையவில்லை. போனவர்களில் சிலர் பிறகு தாமாகவே திரும்பி வந்தார்கள்.

அதிலிருந்து சுமார் 40 ஆண்டுகள் இரண்டு நிறத்தாரும் அங்கே சேர்ந்து படித்தார்கள்.

போர்வை கொடுத்துப் படித்தவர்கள்

படிக்க வந்தவர்களில் பணக்காரர்கள் கிடையாது. கறுப்பர்கள், நேற்று வரை அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள். வெள்ளையர்களில் பெரும்பாலோர் மலைக் காட்டில் சோளம் பயிரிட்டுப் பிழைத்த ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகள். மலைக்குள் நல்ல சாலை கிடையாது. பல பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

ஜேம்ஸ் பாண்ட் என்ற கறுப்பு இளைஞர், தாம் வளர்த்த காளைக் கன்றைச் செலவுக்காக ஓட்டிக்கொண்டு, காலில் செருப்பு இல்லாமல் நடந்து வந்தார் என்று சொல்வார்கள். அவர் 1892-ல் பட்டம் பெற்றார். பாதிரியார் ஆனார். பிற்காலத்தில் கல்லூரியின் நிர்வாகக் குழுவிலேயே அங்கத்தினராக அமர்ந்தார்!

1892-ல் பிராஸ்ட் என்பவர் கல்லூரித் தலைவராக வந்தார். கிரேக்க மொழிப் பேராசிரியர். அவர் குதிரையில் ஏறி மலைக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்தார். குடிசைகளில் பெண்கள் கையால் நெய்து வைத்திருந்த கம்பளிப் போர்வைகளைக் கண்டார். காசு இல்லாத பெற்றோர் அந்தப் போர்வைகளைக் கொடுத்தால், பிள்ளையின் செலவுக்கு அதையே வரவு வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். போர்வைகளை வெளியூர்களில் விற்றுப் பணமாக்கினார்கள். பாட்டி நெய்த போர்வையில் பேரன் படித்தான்!

அவர் காலம் முதல் பாடத்துக்குச் சம்பளம் வாங்குவது நின்றது. சாப்பாட்டுக்கும் தங்கும் அறைக்கும் வேண்டிய பணத்தை மாணவர்கள் வேலை செய்து சம்பாதித்துக்கொள்ளலாம்.

என்ன வேலை? பண்ணையில் உழவேண்டும். பால் கறக்கவேண்டும். மரம் அறுக்கவேண்டும். பெண்கள் துணி வெளுத்து இஸ்திரி போடவேண்டும், சமையல் கட்டில் ரொட்டி சுடவேண்டும், தறியில் உட்காரவேண்டும். அச்சுக்கூடமும் இருந்தது. 1899-ல் தொடங்கிய ஊர்ப் பத்திரிகை அங்கேதான் அச்சானது. அச்சுக் கோத்தவர்களில் மாணவர்களும் உண்டு.

ஆரம்பத்தில், வேண்டியவர்கள் வேலை செய்யலாம் என்று இருந்தது. 1906 முதல், எல்லா மாணவர்களும் வேலை செய்தே தீரவேண்டும் என்று விதி வந்தது. இது நல்ல விதி. சிலர் மட்டும் கரி படிந்த கையோடு வகுப்புக்கு வந்தால் அவமானம். எல்லார் கையிலும் கரி இருந்தால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

1902-ல் கல்லூரியின் பழைய மரக் கோயில் தீப்பிடித்து எரிந்தது. புதிதாகக் கட்ட ஒரு சீமாட்டி பணம் கொடுத்தார். "மாணவர்களே கட்டவேண்டும்" என்பது அவர் விருப்பம். அதன்படியே கல்லூரிக் காட்டில் மரம் வெட்டி, செங்கல் அடுக்கி, மாணவர்கள் கைகளாலேயே கட்டிடம் எழும்பியது. 1906-ல் முடிந்தது. இன்றும் நிற்கிறது.

20 வயதில் பால பாடம்

கல்லூரி என்று பெயரே தவிர, பட்ட வகுப்பில் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் கீழ் வகுப்புகளில் இருந்தார்கள். 20 வயது வாலிபன், மீசை முளைத்த பிறகு, எழுத்துக் கூட்டி வாசிக்கும் காட்சி அங்கே சாதாரணம். யாரும் வெட்கப்படவில்லை. மலையில் பள்ளிக்கூடம் இல்லாதது அவன் குற்றமா?

குளிர்காலத்தில்தான் கூட்டம் அதிகம். அப்போது வயலில் வேலை இராது. வசந்தம் பிறந்து ஏர் பூட்டும் காலம் வந்ததும் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். விட்டுவிட்டுப் படித்து, இடையில் மலைக் கிராமத்தில் ஓர் ஆசிரியர் பள்ளிக்கூடம் நடத்தி, அந்தச் சம்பளத்தில் மறுபடியும் வந்து படிப்பார்கள். நாலு வருஷப் படிப்புக்கு எட்டு வருஷம் ஆவதும் உண்டு.

கட்டுப்பாடு கடுமை. மது கூடாது, புகையிலை கூடாது, துப்பாக்கி கூடாது. கடைசி விதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்! குடும்பப் பகை தலைமுறை தலைமுறையாக நீண்டு, ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட மலைகள் அவை. இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் வெளியே போகாத பையன்களும் படிக்க வந்தார்கள்.

பொழுதுபோக்கு என்ன? இலக்கியச் சங்கங்களில் சொற்போர் நடத்துவார்கள். வருஷத்தில் ஒரு நாள் படிப்புக்கும் வேலைக்கும் விடுமுறை விட்டு, எல்லாரும் பக்கத்து மலை உச்சிக்கு ஏறுவார்கள். "மலை நாள்" என்று அதற்குப் பெயர்.

சுரங்கத்திலிருந்து வந்தவர்

அங்கே படித்தவர்களில் கார்ட்டர் உட்சன் என்பவர் முக்கியமானவர். தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்தவர்கள். வறுமையால் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். 20 வயதில்தான் உயர்நிலைப்பள்ளிக்குள் காலடி வைத்தார். இரண்டே ஆண்டில் அதை முடித்தார். பிறகு பெரீயாவுக்கு வந்தார். கொஞ்ச நாள் படிப்பு, கொஞ்ச நாள் ஆசிரியர் வேலை என்று மாறி மாறிச் செய்து, 1903-ல் பட்டம் பெற்றார்.

அதன் பிறகு ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கறுப்பர்களுக்கும் சரித்திரம் உண்டு என்று எழுதி எழுதி நிலைநாட்டினார். 1926-ல் அவர் தொடங்கிய "நீக்ரோ சரித்திர வாரம்" வளர்ந்து, இன்று அமெரிக்காவில் ஒரு மாதம் முழுவதும் கொண்டாடப்படுகிறது.

உட்சன் பட்டம் வாங்கியது 1903-ல். கதவு சாத்தப்பட்டது 1904-ல். ஓர் ஆண்டு பிந்தியிருந்தால், அந்தச் சுரங்கத் தொழிலாளிக்குப் பெரீயாவில் இடம் இல்லை!

ரயிலடியில் கண்ட காட்சி

சட்டத்தைக் கொண்டுவந்தவர் கார்ல் டே என்ற சட்டசபை அங்கத்தினர். அவர் ஒருநாள் பெரீயா ரயிலடியில், ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒரு கறுப்புப் பெண்ணும் கட்டித் தழுவி முத்தமிட்டுக்கொண்டதைப் பார்த்தாராம். இரண்டு பேரும் தோழிகள். அதைக் கண்டு பொறுக்காமல்தான் மசோதா எழுதினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படி இருந்தாலும் சரி, சட்டம் நிஜமாகவே வந்தது. 1904 ஜூலையில் அமலானது.

கல்லூரித் தலைவர் பிராஸ்ட், சட்டம் வராமல் தடுக்கப் பாடுபட்டார். ஆனால், ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் வந்த நாளிலிருந்தே மலைநாட்டு வெள்ளையர்களைச் சேர்ப்பதில்தான் அதிக ஊக்கம் காட்டினார். ஆரம்ப காலத்தில் சரிபாதிக்கு மேல் இருந்த கறுப்பு மாணவர்கள், 1904-ல் சிறுபான்மையாகச் சுருங்கிவிட்டார்கள். "எங்கள் கல்லூரி எங்கள் கையை விட்டுப் போகிறதே" என்று கறுப்பர்கள் அப்போதே குறைப்பட்டார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருந்தது. முதியவரான பீ பாதிரியாருக்கும் இந்தப் போக்குப் பிடிக்கவில்லை. அவர் 1901-ல் காலமானார். தாம் நட்ட மரம் இரண்டாகப் பிளக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

சட்டம் வந்ததும் கறுப்பு மாணவர்கள் மூட்டை கட்டினார்கள். பிஸ்க், டஸ்கெகி, ஹாம்ப்டன் முதலிய கறுப்பர் கல்லூரிகளுக்கு அவர்கள் போய்ச் சேரக் கல்லூரியே பண உதவி செய்தது. அந்த ஆண்டு வகுப்புகள் திறந்தபோது, வெள்ளை மாணவர்கள் கூடி, பிரிந்துபோன தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எங்களுக்கு உள்ள உரிமை உங்களுக்கும் உண்டு, உங்களை மறக்கமாட்டோம் என்பது அதன் கருத்து. அந்தக் கடிதத்தால் சட்டம் மாறவில்லை. என்றாலும் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இருந்த மனம் சட்டசபைக்கு இல்லையே!

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

கல்லூரி சும்மா இருக்கவில்லை. வழக்காடியது. முதல் கோர்ட்டில் 1,000 டாலர் அபராதம் விழுந்தது. அப்பீல் கோர்ட்டும் அதை 1906-ல் உறுதி செய்தது. ஒன்று மட்டும் தள்ளுபடி ஆயிற்று. கறுப்பர்களுக்குத் தனிக் கிளை வைப்பதானால், 25 மைலுக்கு அப்பால்தான் வைக்கவேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். "இது அதிகம்" என்று அந்தக் கோர்ட்டு சொல்லிவிட்டது.

வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1908 நவம்பர் 9-ந் தேதி தீர்ப்பு. கல்லூரி தோற்றது! 7 நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் விசித்திரமானது. "கல்லூரி என்பது ராஜ்யம் அனுமதி கொடுத்து உண்டாக்கிய ஸ்தாபனம். அனுமதி கொடுத்த ராஜ்யம், அதற்கு நிபந்தனையும் போடலாம்" என்றார்கள். சேர்ந்து படிக்கும் உரிமை மனிதருக்கு உண்டா, இல்லையா என்ற பெரிய கேள்வியைத் தொடாமலே ஒதுங்கிக்கொண்டார்கள்.

இரண்டு நீதிபதிகள் ஒப்பவில்லை. ஒருவர் ஜான் ஹார்லன். அவரும் கெண்டக்கிக்காரர்தான், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர்தான். "இந்தச் சட்டம் சரியென்றால், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலும், கோயில் பந்தியிலும் இரு நிறத்தார் சேர்ந்து உட்காருவதையும் நாளைக்குக் குற்றமாக்கலாமே!" என்ற கருத்துப்பட அவர் எழுதினார். அன்று அவர் பேச்சு அம்பலம் ஏறவில்லை.

புதிய பள்ளிக்கூடம்

இனி என்ன செய்வது? பெரீயா வெள்ளையருக்கு, கறுப்பர்களுக்குத் தனியாக வேறு பள்ளிக்கூடம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. கோடீசுவரர் கார்னெகி, 2 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார். மீதிப் பணத்தைத் திரட்டப் புறப்பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? காளைக் கன்றை ஓட்டி வந்தாரே, அந்த ஜேம்ஸ் பாண்ட்! ஊர் ஊராகப் போய்க் கறுப்பு மக்களிடம் நன்கொடை வாங்கினார். தாம் படித்த கல்லூரியில் தம் மக்களுக்கு இடம் இல்லை என்று ஆனபிறகு, வேறு கூரை போட அவர் அலைந்தார்.

நிலம் வாங்கிய இடத்தில் வெள்ளையர்கள் எதிர்த்தார்கள். அதற்கும் ஒரு சட்டம். அதற்கும் ஒரு வழக்கு! அந்த வழக்கில் பள்ளிக்கூடம் ஜெயித்தது. 1912-ல் "லிங்கன் இன்ஸ்டிடியூட்" திறக்கப்பட்டது. ஆனால் அது உயர்நிலைப்பள்ளியும் தொழிற்கல்வியுமாகவே நடந்தது. பெரீயாவில் இழந்த பட்டப் படிப்பு அங்கே கிடைக்கவில்லை.

அந்தப் பள்ளி வளாகத்தில்தான் 1921-ல் விட்னி யங் பிறந்தார். தகப்பனார் அங்கே ஆசிரியர்; பின்னால் தலைவரும் ஆனார். மகன், 1963-ல் வாஷிங்டனில் கறுப்பர் உரிமைக்காக நடந்த மாபெரும் ஊர்வலத்தின் தலைவர்களில் ஒருவராக விளங்கினார். லிங்கன் பள்ளி 1966-ல் மூடப்பட்டது.

பெரீயாவின் கதவு எப்போது திறந்தது? 1950-ல் கெண்டக்கி சட்டசபை பழைய சட்டத்தைத் திருத்தியது. விருப்பமுள்ள கல்லூரிகள் கறுப்பர்களைச் சேர்க்கலாம் என்றது. அந்த ஆண்டே பெரீயா சேர்த்துக்கொண்டது. 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. மூட்டை கட்டிக்கொண்டு போன மாணவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் காலம் வந்துவிட்டது. மாணவர்கள் கட்டிய அந்தச் செங்கல் கோயிலுக்குள் இரண்டு நிறத்தாரும் மறுபடியும் சேர்ந்து போனார்கள்.

இன்றைக்கும் பெரீயாவில் பாடத்துக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்கு 10 மணி நேரமாவது வேலை செய்யவேண்டும். தறி நெய்வதும், துடைப்பம் கட்டுவதும், 1909-ல் திறந்த கல்லூரி ஓட்டலில் விருந்தினரைக் கவனிப்பதும் அந்த வேலைகளில் சேர்ந்தவை.